குருதி திரும்பி வரும் வேளை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் "உடல்நலம் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்றுதான் கேட்டார்கள். நீரிழிவு பற்றியும் கொழுப்பு பற்றியும் சொல்லக் கைத்தொலைபேசியிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆகவே அதிகம் பேசப்படாத ஒன்றை எடுத்துக்கொண்டோம். குடலுக்குப் போகும் குருதி தடைப்பட்டு, பின்பு திரும்பி வரும்போது என்ன நடக்கிறது? அந்த வேளையில் குருதிக்கலன்கள் தாமே சுரக்கும் இரசாயனப் பொருட்கள் குடலைக் காக்கின்றனவா, கெடுக்கின்றனவா? பட்டப்பின் படிப்புக்கான தலைப்புப்போலத் தோன்றும். ஆனால் வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வேறு நாட்டில் வாழும் எவருக்கும் இது வீட்டு விஷயம். அதை இறுதியிற் சொல்வோம்.

எங்கள் வகுப்பு போர்க்காலத்தில் படித்த வகுப்பு. 1990 இல் மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் படித்தோம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் புத்தகப் பையோடு வலிகாமத்தை விட்டு நடந்தோம். பின்பு ஊர் திரும்பி, மின்சாரமும் மெல்ல மெல்லத் திரும்பியபோது வீட்டுக்கு வீடு ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். கரண்ட் போகும்போது பொருட்கள் பழுதாவது குறைவு, வரும்போதுதான் பழுதாகும். குளிர்சாதனப் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு, வந்த கரண்ட் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்துத்தான் மறுபடி கொழுவுவார்கள்.

குடலிலும் இதுவே நடக்கிறது என்பதை மருத்துவ உலகம் தெளிவாகக் கண்டது 1980களில். அமெரிக்காவில் டேல் பார்க்ஸ், நீல் கிரேஞ்சர் என்ற இரு உடற்றொழிலியலாளர்கள் பூனைகளின் சிறுகுடலில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு தொகுதியில் நான்கு மணித்தியாலம் குருதியோட்டத்தை வெகுவாகக் குறைத்து வைத்தார்கள். மற்றத் தொகுதியில் மூன்று மணித்தியாலம் மட்டும் குறைத்து, நான்காவது மணித்தியாலத்தில் குருதியைத் திரும்ப விட்டார்கள். பட்டினி கிடந்த நேரம் குறைவு என்பதால் இரண்டாவது தொகுதியின் குடல்தான் நன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் நினைப்போம். ஆனால் அதிற்தான் சேதம் கூடுதலாக இருந்தது. குருதி இல்லாமற்போனது ஒரு காயம். குருதி திரும்பி வந்தது அதற்கு மேல் இன்னொரு காயம்.

ஏன் குடல்? இதயத்திலும் மூளையிலும் சிறுநீரகத்திலும் இது நடக்கிறதுதான். ஆனால் குடல் தனி ரகம். நாம் சும்மா இருக்கும்போதே இதயம் தள்ளும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் கூடவோ குடலுக்கும் அதைச் சார்ந்த உறுப்புகளுக்கும் போகிறது. உயர்தர உயிரியலில் நாம் வரைந்த சடைமுளைகளை நினைத்துப் பாருங்கள். விரல் போன்ற ஒவ்வொரு சடைமுளையிலும் மேலே ஏறும் குருதிக்குழாயும் கீழே இறங்கும் குழாயும் நெருங்கியே ஓடுகின்றன. ஏறும் குருதியிலுள்ள ஒட்சிசனில் ஒரு பகுதி நுனிக்குப் போகாமலே பக்கத்துக் குழாய்க்குக் கசிந்துவிடும். ஆகவே நல்ல நாளிலேயே சடைமுளையின் நுனி அரைப்பட்டினி. தோட்டத்தில் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் பாத்தி மாதிரி. தண்ணீர் குறைந்தால் முதலில் வாடுவது அதுதான். அந்த நுனிக் கலங்கள் உதிர்ந்தால் குடலுக்குள் அடைபட்டிருக்கும் கோடானுகோடி பற்றீரியாக்களுக்கும் எமது குருதிக்கும் நடுவில் இருக்கும் வேலி போய்விடும். இதயத்துக்கு இந்த ஆபத்து இல்லை. குடலின் காயம் குடலோடு நிற்காமல் நுரையீரல் வரை போவதற்கு இதுவே காரணம்.

இப்போது குருதிக்கலன். அதன் உட்பக்கம் முழுவதும் ஒரே ஒரு கல அடுக்காக ஒரு படை போர்த்தியிருக்கிறது. அதை அகவணி என்கிறோம். ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1865 இல் வில்லெம் ஹிஸ் என்ற சுவிஸ் நாட்டு உடலமைப்பியலாளர் வைத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, இங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில் இருந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 'இரண வைத்தியம்' என்ற தமிழ் நூலை வெளியிட்டார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழ் பயின்று, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கிய மனிதர் அவர். 1872 இல் 'மனுஷவங்காதிபாதம்' என்ற உடலமைப்பு நூலையும் தந்தார். இந்த உரையைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, "இதையெல்லாம் தமிழிற் சொல்லலாமோ?" என்று கேட்ட தோழியருக்கு எங்கள் பதில் அதுதான். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே பக்கத்து ஊரில் சொல்லியாயிற்று.

ஆனால் கிறீன் காலத்திலும் அதற்குப் பின் நெடுங்காலமும் அகவணியை வெறும் உட்பூச்சு என்றே எண்ணினார்கள். கிணற்றுக்குச் சீமெந்து பூசினதுபோல. 1980 இல் நியூயோர்க்கில் றொபேட் ஃபேர்ச்கொட் என்பவர் முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மருந்தை விட்டால் சில துண்டுகள் தளர்ந்தன. சில துண்டுகள் தளரவில்லை, மாறாகச் சுருங்கின. வித்தியாசம் என்னவென்று பார்த்தால், தளராத துண்டுகளைத் தயார்செய்யும்போது உட்பக்கம் தேய்க்கப்பட்டு அகவணி உரிந்துபோயிருந்தது. அப்படியானால் அகவணிதான் ஏதோ ஒன்றைச் சுரந்து "தளர்" என்று தசைக்குச் சொல்கிறது! அந்த ஏதோ ஒன்று, நைதரசன் அணு ஒன்றும் ஒட்சிசன் அணு ஒன்றும் சேர்ந்த நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு என்பது 1987 இல் உறுதியானது. மோட்டார் வண்டிப் புகையில் வரும் வாயு நமது நாடிகளுக்குள் தூதுவனாக இருக்கிறது. 1998 இல் ஃபேர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. லண்டனில் இதே விஷயத்தில் பெரும் பங்காற்றிய சல்வடோர் மொன்காடா விடுபட்டது நியாயமல்ல என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். நாங்களும் அந்தக் கட்சிதான். அம்மாமாரும் அப்பாமாரும் நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் சிறு குளிசை உடலுக்குள் தருவதும் இதே வாயுவைத்தான்.

தளரச் சொல்ல ஒருவர் இருந்தால் சுருங்கச் சொல்லவும் ஒருவர் வேண்டுமே. 1988 இல் ஜப்பானில் சுக்குபா பல்கலைக்கழகத்தில் யனகிசாவாவும் அவருடைய குழுவினரும் அதே அகவணியிலிருந்து எண்டோதெலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இருபத்தொரு அமினோவமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி அது. உடல் தானே ஆக்கும் பொருட்களில் குருதிக்கலனை மிகக் கடுமையாக, மிக நீண்ட நேரம் சுருக்குவனவற்றுள் அதுவும் ஒன்று. விசித்திரம் என்னவென்றால், நிலத்தைத் துளைத்து வாழும் ஒருவகைப் பாம்பின் நஞ்சிலுள்ள பொருளும் இதுவும் அண்ணன் தம்பி போன்ற அமைப்புடையவை.

நல்ல நாளில் இருவரும் சமநிலையில் இருக்கிறார்கள். நைத்திரிக் ஒட்சைட்டு குழாயைத் திறந்து வைப்பதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. குருதியில் உருண்டுகொண்டு போகும் வெண்குழியங்கள் சுவரில் ஒட்டாதபடி பார்த்துக்கொள்கிறது. 1991 இல் பவுல் கியூபஸும் முன்பு சொன்ன கிரேஞ்சரும் பூனைக் குடலில் இதைக் காட்டினார்கள். நைத்திரிக் ஒட்சைட்டு ஆக்கத்தைத் தடுத்தவுடன் வெண்குழியங்கள் சுவரில் ஒட்டிக்கொண்டன.

சரி, குருதி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கலங்கள் தங்கள் சக்திச் சேமிப்பை உடைத்துச் செலவழிக்கின்றன. உடைந்த எச்சங்கள் குவிகின்றன. சாந்தீன் ஒட்சிடேசு என்ற நொதியம் குடலில் தாராளமாக உண்டு. அது அந்த எச்சங்களோடு ஒட்சிசனுக்காகக் காத்திருக்கிறது. தடை நீங்கிக் குருதி பாய்ந்ததும் ஒட்சிசன் வருகிறது; சுப்பர் ஒட்சைட்டு என்ற சுயாதீன மூலிகங்கள் பெருந்தொகையில் உருவாகின்றன. இந்த மூலிகம் கண்ட இடத்தில் நைத்திரிக் ஒட்சைட்டைப் பிடித்துத் தின்றுவிடும். தின்பதோடு நில்லாமல் இரண்டும் சேர்ந்து பெரொக்சிநைத்திரைற்று என்ற, இரண்டையும்விடக் கொடிய பொருளாகிவிடும். காவற்காரனைக் கொன்று அவன் கைத்தடியாலேயே வீட்டை அடிப்பதுபோல.

காவல் போன நேரத்தில் எண்டோதெலின் கூடுகிறது. அதோடு துரொம்பொக்சேன் என்ற, குருதிச் சிறுதட்டுகளை ஒட்டவைக்கும் பொருளும் சேர்கிறது. அதை எதிர்க்க வேண்டிய புரொஸ்டாசைக்கிளின் போதாமற்போகிறது. பெரிய நாடி திறந்தே இருக்கும். கையை வைத்தால் துடிப்பும் தெரியும். ஆனால் மயிர்க்குழாய்கள் சுருங்கி, வீங்கி, வெண்குழியங்களால் அடைபட்டுக் கிடக்கும். பெரிய வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, பாத்திக்குப் போகவில்லை.

இது வெறும் பூனைக் கதையல்ல. தீவின் ஒரு வைத்தியசாலையில் எங்கள் கைக்கு வந்த ஒரு தாயாரைப் பற்றி, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறோம். எழுபதைத் தாண்டியவர். இதயத் துடிப்பு ஒழுங்கற்றது. குருதி உறையாமலிருக்க மருந்து எடுத்துவந்தவர், இடையில் சில நாள் விட்டுவிட்டார். பிள்ளைகள் மூவரும் மூன்று நாட்டில். ஒரு மாலை திடீரென்று கடும் வயிற்று நோ. இரண்டு தரம் சத்தி, ஒருதரம் வயிற்றோட்டம். ஓமத்தண்ணீர் குடித்தார். சுடுதண்ணீர் ஒத்தடம் பிடித்தார். பக்கத்து வீட்டாரை இரவில் எழுப்பக் கூடாதென்று விடியும்வரை இருந்தார். எங்களிடம் வந்தபோது பன்னிரண்டு மணித்தியாலம் கடந்துவிட்டது. துடிக்கிறார், வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. நோவுக்கும் வயிற்றுக்கும் பொருத்தமில்லாத அந்த நிலைதான் இந்த நோயின் கையொப்பம். இதயத்திலிருந்து கிளம்பிய குருதிக்கட்டி சிறுகுடலுக்குப் போகும் பெருநாடிக் கிளையை அடைத்திருந்தது. வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். சாம்பல் நிறமாகக் கிடந்த குடல் எங்கள் கண்முன்னே சிவந்து, அசையத் தொடங்கியது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் எல்லோர் முகத்திலும் ஒரு மலர்ச்சி. அரைமணி நேரத்தில் குருதி அமுக்கம் விழத் தொடங்கியது. மறுநாள் மீளத் திறந்து பார்த்தபோது சிவந்து வந்த குடலில் ஒரு பகுதி கறுத்துப்போயிருந்தது. அதை வெட்டி எடுத்தார்கள். நுரையீரலில் நீர் கோத்தது. நான்காம் நாள் அவர் இறந்தார். கட்டியை எடுத்தது முழுமையான வெற்றி. தோற்றது மயிர்க்குழாய்களில்.

இந்த நோயில் பாதிக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்பதே உலகெங்கும் பல காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. நேரத்தோடு வந்து, வெட்ட ஏதுமில்லாமல், பத்தாம் நாள் சோறு தின்று வீட்டுக்குப் போனவர்களையும் கண்டிருக்கிறோம். கைக்குழந்தைகளின் குடற்செருகலிலும், இறுகிப்போன குடலிறக்கத்திலும் இதே காயம் வேறு அளவில் நடக்கிறது.

"நைத்திரிக் ஒட்சைட்டுத்தான் காக்கிறதென்றால் அதைக் கொடுக்க வேண்டியதுதானே?" எங்கள் மாணவர்களும் இதையே கேட்பார்கள். எலிகளில் கொடுத்தார்கள்; குடல் சேதம் குறைந்தது. எண்டோதெலினைத் தடுக்கும் மருந்து கொடுத்தார்கள், அதிலும் குறைந்தது. குருதியைச் சில நிமிடங்கள் நிறுத்தி விட்டு, நிறுத்தி விட்டுக் குடலைப் பழக்கிவிட்டால் பின்னர் வரும் பெரிய தடையைக் குடல் தாங்குகிறது என்றும், அந்தத் தாங்கும் வலுவுக்கும் நைத்திரிக் ஒட்சைட்டு தேவை என்றும் கண்டார்கள். ஆனால் எலிக்கு மருந்தைத் தடை வைப்பதற்கு முன்பே கொடுக்கலாம். எங்கள் தாயாருக்கு அடைப்பு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதோடு, சில மணித்தியாலம் கழித்து அழற்சியில் ஈடுபட்ட கலங்கள் வேறொரு நொதியத்தைக் கொண்டு நைத்திரிக் ஒட்சைட்டை அளவுக்கு மீறி ஆக்கத் தொடங்கும். சிறிதளவில் காவலன், பேரளவில் எதிரி. குருதி அமுக்கம் ஏற்கெனவே விழுந்து கிடப்பவருக்குக் குழாயைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குடல் நாடிகள் தாமே சுருங்கிக்கொள்ளும் சில நிலைகளில் பப்பவரின் என்ற பழைய மருந்தை நேரே நாடிக்குள் விடும் வழக்கம் உண்டு. அதற்கு மேல், கட்டிலருகில் எடுத்து ஏற்றி இந்த இரண்டாவது காயத்தைத் தடுக்க நிரூபிக்கப்பட்ட மருந்து இன்று எங்கள் கையில் இல்லை. நோபல் பரிசு கிடைத்து இவ்வளவு காலமாகியும் இல்லை.

கையில் இருப்பது இரண்டு. ஒன்று, அடைப்பு வருவதற்கு முன்பே அகவணியை நல்ல நிலையில் வைத்திருப்பது. இங்கே எங்கள் ஊரின் ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்ல வேண்டும். இணுவில் செம்மண் புகையிலை விளைந்த மண். சுருட்டுக் கொட்டில்களும் புகையிலை வியாபாரமும் எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்தின. எங்களிற் பலருடைய பாடசாலைப் புத்தகங்களும் வெள்ளைச் சட்டையும் புகையிலைக் காசில் வந்தவை. அந்தப் புகைதான் அகவணிக்கு மிகப் பெரிய பகை. புகையிலுள்ள மூலிகங்கள் நைத்திரிக் ஒட்சைட்டை நாளாந்தம் தின்றுகொண்டே இருக்கும். வெற்றிலையோடு புகையிலை போடும் ஆச்சிமாருக்கும் இது பொருந்தாமலில்லை. கட்டுப்பாடில்லாத நீரிழிவும் இதே வேலையைச் செய்கிறது.

இன்னொரு கேள்வி வரும் என்று தெரியும்: கீரையிலும் பீற்றூட்டிலும் உள்ள நைத்திரேற்று உடலுக்குள் நைத்திரிக் ஒட்சைட்டாக மாறுமாமே? மாறும். வாயிலுள்ள பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக்குகின்றன. ஒட்சிசன் குறைந்த இடத்தில் அது நைத்திரிக் ஒட்சைட்டாகிறது. கீரை சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் உரத்திலிருந்து இறங்கிய நைத்திரேற்று, ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையைத் தாண்டியிருப்பதையும் மறக்க வேண்டாம். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் வலுவை இழந்து, குழந்தை நீலம் பாரிக்கலாம். சுண்ணாம்புக் கல்லுக்கு ஊடாக இறங்குவதைக் கொதிக்க வைத்து நீக்க முடியாது.

இரண்டாவது, நேரம். குடல் சுவர் முழுவதும் மீள முடியாமற் சாக ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் போதும். உட்படை அதற்கு வெகு முன்னரே போய்விடும். பட்டினி நீள நீள, குருதி திரும்பும்போது வரும் காயமும் கடுமையாகும். இரசாயனப் பொருட்களின் சண்டையில் நாங்கள் தலையிட முடியாத இன்றைய நிலையில் சண்டை தொடங்கும் நேரத்தை மட்டுமே மாற்றலாம்.

எங்கள் பெண்கள் வயிற்று நோவை மறைப்பவர்கள். ஆண் வைத்தியரிடம் காட்ட மாட்டார்கள் என்பதற்காகவே 1890களின் இறுதியில் இந்த ஊரில் பெண்களுக்கென்று மக்லியோட் வைத்தியசாலையை எழுப்பினார்கள். டொக்டர் இசபெல்லா கர் அம்மையார் பல பத்தாண்டுகள் அங்கு பணிசெய்தார். இப்போது காரணம் வெட்கமல்ல. "பிள்ளை அங்கே வேலையில நிக்கும், ஏன் பயப்படுத்துவான்?" என்பதுதான்.

ஆகவே டொறன்டோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கும் சகோதரிகளுக்கு நேராகவே சொல்கிறோம். அம்மாவுக்கு ஒழுங்கற்ற இதயத் துடிப்போ, வால்வு நோயோ, முன்பு மாரடைப்போ இருந்தால், திடீரென்று வந்த கடும் வயிற்று நோவை வாயு என்று விடாதீர்கள். தொலைபேசியில் மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கியது? தொடங்கும்போதே கடுமையாக இருந்ததா? குருதி உறையாமற் தடுக்கும் குளிசையை விடாமல் எடுக்கிறாவா? விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அயலவரைக் கொண்டு அழைப்பித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். (எங்களுக்கு அந்த இலக்கம் வேறொன்றை ஞாபகப்படுத்தும், பரவாயில்லை, இப்போது அது நல்லதற்கு.) சத்திரசிகிச்சை வசதியுள்ள பெரியாஸ்பத்திரிக்கே நேரே கொண்டுபோகச் சொல்லுங்கள். பல் பிடுங்கவோ வேறு எதற்கோ அந்தக் குளிசையை நிறுத்த வேண்டியிருந்தால், மருந்து தந்த வைத்தியரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்பதையும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

அம்மாவின் நோய்களின் பெயர், மருந்துகளின் பெயரும் அளவும், இரவில் எழுப்பினாலும் கோபிக்காத ஒரு அயலவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தொலைபேசி வைக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். விழாவுக்கென்று ஊருக்கு வந்திருப்பவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே அதைச் செய்துவிட்டுப் போகலாம். அயலவரிடமும் நேரே போய், "எந்த நேரமெண்டாலும் அம்மா கூப்பிடுவா" என்று சொல்லிவிட்டு, அம்மாவிடமும் அதே சொல்லைச் சொல்லுங்கள்.